முப்பத்திமூணு எம்பத்தொம்பதாவது கவுண்டர்

நான் திறக்கல. அத மொதல்ல விளங்கிக்கோங்க. திறந்து கெடக்குன்னு சொன்னவ நான். திறந்தது ஒரு ஆளு, திறக்கச் சொன்னது ஒரு ஆளு. அவங்க ரெண்டு பேரும் உங்கள ஏசி ரூம்ல உக்கார வச்சு, டீ வாங்கிக் குடுத்து, இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க தம்பின்னு டைப் அடிச்ச பேப்பரயும் குடுத்து அனுப்பியிருக்காங்க. நீங்களும் அத மடிச்சு சட்டப் பையில வச்சுக்கிட்டு நேரா ஆஸ்டலுக்கு வந்து, நீதானா அந்தப் பிள்ளைன்னு கேக்கீங்க.

ஆமா, நான்தான். பெனிட்டா. மூணாம் வருசம் கம்ப்யூட்டர் சயின்ஸ். உங்க தங்கச்சி முத்துப்பேச்சியோட ரூம்மேட்டு. முத வருசத்துல இருந்து ஒரே ரூம்பு, அடுத்தடுத்த கட்டில். உக்காருங்கண்ணே. அவ பெட்டிய நான் அப்பவே கட்டி வச்சாச்சு, டீ.சி. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறந்தான் தருவாங்க. அதுவரைக்கும் எங்க போவீங்க? நான் சொல்லுததக் கேட்டுட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. நீங்க போட்டீங்கன்னா என்னைய காலேஜ விட்டுத் தூக்கிருவாங்க. வெறும் பயமுறுத்தல் இல்ல, பேப்பர்லயே போட்டிருக்கு, பாருங்க, கடைசிப் பத்தி. வார்டன் மேடம் அந்தக் கதவுக்குப் பின்னால நிக்காங்க. நிக்கட்டும். அவங்களும் கேக்கட்டும்.

ஹேக் பண்ணிட்டேன்னு எழுதியிருக்காங்கல்ல. ஹேக்குன்னா என்னன்னு அந்த எச்.ஓ.டி. கனகசபாபதி சார்ட்ட கேட்டீங்களா? கேட்டிருக்கணும். அவருக்கே தெரியாது.

நான் சொல்லுதேன். திருநெல்வேலி ஜங்ஷன்ல டிக்கெட் கவுண்டர் பாத்திருக்கீங்கல்ல, வரிசையா. ஒரு கம்ப்யூட்டர் அந்த மாதிரிதான். அதுல அறுபத்தஞ்சாயிரம் கவுண்டர். அறுபத்தஞ்சாயிரமும் திறந்தா இருக்கும்? இல்ல. பின்னால ஒருத்தன் உக்காந்து, யாராச்சும் கூப்பிடுவாங்களான்னு காது குடுத்துக்கிட்டு இருந்தா அது திறந்த கவுண்டர். ஆளில்லன்னா நீங்க என்ன தட்டுனாலும் பதில் வராது. அந்தக் கவுண்டருக்குத்தான் போர்ட்டுன்னு பேரு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் இருக்கு. முப்பத்திமூணு எம்பத்தொம்பதுன்னு ஒரு நம்பர், அது என்ன கவுண்டர் தெரியுமா? அங்க போயி சரியான பாஸ்வேர்டச் சொன்னா, கம்ப்யூட்டரையே தூக்கி உங்க கைல குடுத்துருவான். நீங்க எங்க வேணா இருங்க. சங்கரன்கோவில்ல இருங்க, துபாய்ல இருங்க. முன்னால உக்காந்து இருக்க மாதிரியே எல்லாத்தயும் திறக்கலாம், பாக்கலாம், எடுக்கலாம்.

அதனாலதான் கவுண்டருக்கு முன்னால ஒரு வாட்ச்மேன நிறுத்துவாங்க. ஃபயர்வால்னு பேரு. யார விடணும் யார விடக்கூடாதுன்னு அவன்தான் பாப்பான். விண்டோஸ்ல வாங்கும்போதே இருப்பான், காசு கூடக் கெடையாது.

நம்ம டிபார்ட்மெண்ட்ல அந்த வாட்ச்மேன எதுக்கு அனுப்புனாங்க தெரியுமா? பிரிண்ட்டு வரல.

சிரிக்காதீங்க, நான் விளையாட்டுக்குச் சொல்லல. இந்தக் காலேஜ்ல மட்டுமில்ல, எங்க ஊரு பிரவுசிங் சென்டர்ல இருந்து தாலுகாபீசு வரைக்கும் இதான் வழக்கம். பக்கத்து ரூம் பிரிண்டர் பேப்பர் தள்ளலயா, ஃபயர்வால ஆஃப் பண்ணு. தள்ளிருச்சா, அப்படியே விட்டுரு. பிரிண்டருக்கு மட்டும் வழி விடுன்னு வாட்ச்மேன்ட்ட சொல்ல ரெண்டு நிமிசம் ஆகும். அந்த ரெண்டு நிமிசம் யாருக்கும் கெடையாது. லேப் டெக்னீசியன் ஐசக் அண்ணன் பதினோரு வருசமா கான்ட்ராக்ட்ல இருக்காரு, அவருக்குத் தெரிஞ்ச வைத்தியம் இது ஒண்ணுதான்.

இதுல இன்ஸ்பெக்ஷன் வேற. வார திங்கக்கிழம கமிட்டி வருது. அதுக்காக டிபார்ட்மெண்ட்ல இருக்க காயிதம் பூராத்தயும் ஸ்கேன் பண்ணி ஒரே கம்ப்யூட்டர்ல கொட்டி வச்சிருக்காங்க. இன்ஸ்பெக்ஷன் கம்ப்யூட்டர்னே பேரு, மானிட்டர் மேல சந்தனம் குங்குமம்லாம் வச்சு. எச்.ஓ.டி. சார் நாயித்துக்கெழம வீட்டுல இருந்தே ஃபைல் பாக்கணும்னாரு. ஐசக் அண்ணன் நெட்காரர வரச்சொல்லி, வெளிய இருந்து வார ரோட்ட நேரா அந்தக் கவுண்டர் முன்னால கொண்டு வந்து விட்டுட்டாரு. வாட்ச்மேனும் இல்ல. பாஸ்வேர்டு என்னன்னு கேக்கீங்களா? டிபார்ட்மெண்ட் பேரும் வருசமும். அதயும் ஒரு மஞ்ச ஸ்டிக்கர்ல எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டியிருக்கு, ஸ்டாஃப் மறந்துருவாங்கன்னு. இன்டர்னல் மார்க் பாக்கப் போற பிள்ளைக அத்தன பேருக்கும் அது மனப்பாடம்.

நான் எப்படிக் கண்டுபிடிச்சேன்? தேடிப் போகல. நெட்வொர்க் லேப்ல பாடமே அதான். உன் கம்ப்யூட்டர்ல எந்தெந்த போர்ட்டு திறந்திருக்கு, எந்த புரோகிராம் பின்னால உக்காந்திருக்கு, பட்டியல் போட்டு, வேண்டாதத மூடி, ரெக்கார்டு நோட்டுல எழுதிட்டு வா. எழுதுனேன். என் சிஸ்டத்துல ஏழு திறந்திருந்துச்சு, மூண மூடுனேன். மிச்ச பிள்ளைக போன வருசத்து நோட்டப் பாத்துக் காப்பி அடிச்சிட்டு கேன்டீன் போயிட்டாங்க. எனக்கு அப்படி வராது. பக்கத்து கம்ப்யூட்டர் நம்பரத் தட்டுனேன். அதுக்குப் பக்கத்து நம்பர். அப்படித்தான் இது வந்துச்சு. போன்ல காலேஜ் வைஃபைய அமத்திட்டு வெளி நெட்ல தட்டிப் பாத்தேன். அப்பவும் திறந்துச்சு. அப்படின்னா என்ன அர்த்தம், ரோட்டுல போறவன் எவன் தட்டுனாலும் திறக்கும்னு அர்த்தம்.

நான் உடனே போயி சொன்னேன்ணே. நேர்ல. செவ்வாக்கெழம, மூணாவது பீரியடு. கனகசபாபதி சார் தலைய நிமித்தாமலே, அத நீ எதுக்குத் தட்டுனன்னு கேட்டாரு. திறந்து கெடக்கு சார்னேன். நீ எதுக்குத் தட்டுன. பத்து நிமிசத்துல சரி பண்ணிரலாம் சார், நானே எழுதித் தாறேன். நீ எதுக்குத் தட்டுன. மூணு தடவ கேட்டாரு.

எழுதிக் குடுத்தேன். ஒரு பக்கம். வெளிக் கவுண்டர மூடுங்க, ஃபயர்வாலப் போட்டு பிரிண்டருக்கு மட்டும் வழி விடுங்க, பாஸ்வேர்ட மாத்துங்க, ஸ்டிக்கரக் கிழிங்க, வீட்டுல இருந்து பாத்தே ஆகணும்னா நம்ம ஆளுதானான்னு சோதிச்சு உள்ள விடுற தனி வழி இருக்கு, அதப் போடுங்க. அவ்வளவுதான். அந்த லெட்டர் ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பி வந்துச்சு. எதுக்கு? க்ளாஸ் டீச்சர் கையெழுத்து இல்லயாம், முறைப்படி வரலயாம். க்ளாஸ் டீச்சர்ட்ட போனா, இதுல நான் கையெழுத்துப் போட்டா எனக்குத்தாம்மா ஓல வரும்னாங்க.

அதோட விட்டிருந்தாக்கூட பரவால்ல. மறுநா கனகசபாபதி சார் க்ளாஸ்ல வந்து, நம்ம செக்யூரிட்டி ஆபீசர் மேடம் வந்திருக்காங்களா, எந்திரிங்க மேடம், ஜன்னல்லாம் பூட்டியிருக்கான்னு ஒரு சுத்துப் பாத்துட்டு வாங்கன்னாரு. நாப்பத்திரெண்டு பேரு சிரிச்சாங்க. பெஞ்சத் தட்டிச் சிரிச்சாங்க. பேச்சி மட்டும் சிரிக்கல, என் கையப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சா. அதுக்காகத்தான் நான் படம் போட்டேன்னு பேப்பர்ல எழுதியிருக்காங்க பாருங்க, தனிப்பட்ட விரோதம்னு. பொய். சிரிச்சதுக்காக நான் போடல. சிரிச்சத நான் அன்னைக்கே மறந்துட்டேன். முத பெஞ்சுல ரெண்டு பேரு, மூணாவதுல அந்த மாதவன், கடைசியில ஆறு பேரு எந்திரிச்சு நின்னு சல்யூட் அடிச்சானுங்க, அதெல்லாம் நான் நெனச்சுப் பாக்குறதே இல்ல.

படம் போட்டது ஆதாரத்துக்கு. வாயால சொன்னேன், கேக்கல. எழுதிக் குடுத்தேன், கேக்கல. பெறகு கண்ணால காட்டணும்ல? அன்னைக்கு சாயங்காலம் உள்ள போனேன். ஆமா, போனேன், அத நான் மறைக்கல. ஒரே ஒரு தடவ, அஞ்சு நிமிசம். ஒண்ணயும் எடுக்கல, ஒண்ணயும் மாத்தல. திரைய அப்படியே ஒரு படம் பிடிச்சேன், வெளிய வந்துட்டேன். டிபார்ட்மெண்ட் குரூப்ல போட்டேன். எரநூத்திச் சொச்சம் பேரு இருக்க குரூப்பு, ஸ்டாஃபும் இருக்காங்க. போர்ட்டு நம்பரச் சுத்தி செவப்பு வட்டம். கீழ ஒரே வரி: இன்னும் பூட்டல சார்.

கண்மூடித்தனமாப் போடல, கம்ப்யூட்டரோட முகவரி மேல கறுப்புக் கோடு அடிச்சுத்தான் போட்டேன். எனக்கு அந்தப் பொறுப்பு இருந்துச்சு. அத யாராச்சும் உங்ககிட்ட சொன்னாங்களா?

எந்த ஃபோல்டரா?

அங்க நாப்பது ஃபோல்டர் இருந்துச்சுண்ணே. மரம் நட்ட போட்டோ, ரத்ததானம், கெஸ்ட் லெக்சர், யோகா டே. நான் கண்டனேஷன்ங்கிற ஃபோல்டரத் திறந்தேன். எழுபத்தஞ்சு பர்சண்ட் அட்டெண்டன்ஸ் இல்லாதவங்க மெடிக்கல் சர்டிபிகேட் குடுத்துப் பரீட்ச எழுதுறது. ஏன் அதத் திறந்தேன்னா, மரம் நட்ட போட்டோவப் போட்டா யாருக்கு உறைக்கும்? சொல்லுங்க. பிள்ளைகளோட பெர்சனல் ஃபைலே வெளிய கெடக்குன்னு தெரிஞ்சாத்தான பயப்படுவாங்க. பயந்தாத்தான பூட்டுவாங்க.

ஃபைலத் திறக்கல. பட்டியல்தான். ஃபைல் பேரு மட்டுந்தான் அதுல.

ஆமா. ஆமாண்ணே. பேர்லதான் எழுதியிருந்துச்சு. முத்துப்பேச்சி, ரோல் நம்பர், ஃபிட்ஸ். அப்படிப் பேரு வச்சது நானா? நீங்க ஒட்டுன கவர்ல கொண்டாந்து அந்த எச்.ஓ.டி. மனுசன் கையில குடுத்தீங்க, ரகசியமா வைங்க சார், கல்யாணம் ஆவ வேண்டிய பிள்ளைன்னு. அவரு கவரக் கிழிச்சு ஆபீஸ்ல குடுத்தாரு, ஆபீஸ்ல ஸ்கேன் பண்ணி, தேட லேசா இருக்கட்டும்னு சீக்கோட பேரயும் சேத்து டைப் பண்ணி வச்சிருக்காங்க. வலிப்புக்கு ஃபிட்ஸு, டைபாய்டுக்கு டைபாய்டு. இன்னொரு பிள்ளைக்கு அபார்ஷன்னே போட்டிருந்துச்சு. அதக் கேளுங்க அவருட்ட.

நான் பாக்கல. சத்தியமா நான் அந்தப் பேரப் பாக்கல. வட்டம் போடுற எடத்தத்தான் பாத்தேன், கோடு போடுற எடத்தத்தான் பாத்தேன். அவ பேரு கீழ இருந்து நாலாவது வரி.

நான் எப்படிண்ணே வேணும்னு செய்வேன்? ஒன்ற வருசமா எனக்குத் தெரியும் அவளுக்கு வலிப்பு வாரது. மொத தடவ வந்தப்ப ரூம்ல நான் ஒருத்திதான். பக்கத்து ரூம் பிள்ளைக சாவிக்கொத்த எடுத்துட்டு ஓடி வந்தாளுக, கைல இரும்பு குடுன்னு. நான்தான் அவளுகள வெளிய தள்ளிக் கதவச் சாத்திட்டு, அவள ஒருச்சாச்சுப் படுக்க வச்சு, தலைக்கடியில துண்ட மடிச்சு வச்சு, அது நிக்கிற வரைக்கும் மணி பாத்துக்கிட்டு இருந்தேன். கேட்டவங்ககிட்ட வெயில்ல மயங்கிட்டான்னு சொன்னேன். எங்கம்மாட்ட கூட சொன்னதில்ல. மாத்திரைக்கு அலாரம் என் போன்லதான் இருக்கு. இன்னமும் இருக்கு, காலையில ஏழு மணிக்கு அடிக்கும், நான் அமத்துவேன்.

படம் போட்ட ஒரு மணி நேரத்துல ஐசக் அண்ணன் போன் பண்ணுனாரு. யம்மா, மொதல்ல அந்தப் படத்த எடுத்துரு, மத்தத நாளைக்குப் பேசிக்கிடுவோம்னாரு. எடுக்கமாட்டேன்னேன். எதுக்கு எடுக்கணும்? எடுத்தா பயந்துட்டேன்னு ஆயிரும். அவருக்கு எச்.ஓ.டி.யக் காப்பாத்தணும், வேற என்ன. பிள்ளைகளுக்காகச் சொல்லுதேன்மான்னாரு, எந்தப் பிள்ளைகளுக்குன்னு தெளிவா சொல்லியிருக்கணும்ல? மென்னு முழுங்கிட்டு வச்சிட்டாரு. ரெண்டாவது தடவையும் அடிச்சாரு, நான் எடுக்கல.

அதுக்குள்ள எவனோ படத்தப் பெருசாக்கிப் பாத்திருக்கான். எவனோ உள்ளயே போயிருக்கான், அந்த சர்டிபிகேட்டையே எடுத்து சீனியர் குரூப்ல போட்டிருக்கான். முகவரிதான் மறைச்சிருந்தேனே, எப்படிப் போனான்னு கேக்கீங்களா? லேப் பாடம் எல்லாருக்கும் ஒண்ணுதான, நம்பரும் தெரிஞ்சு போச்சு, பாஸ்வேர்டு மானிட்டர்லயே ஒட்டியிருக்கு. அன்னைக்கே பூட்டியிருந்தா போயிருப்பானா? அதத்தான நான் கேக்கேன்.

மறுநா காலையில க்ளாஸ்ல அவ டெஸ்க்கு மேல ஒரு சாவிக்கொத்து இருந்துச்சு. யாரோ மறந்து வச்சுட்டுப் போயிட்டாங்கன்னு அவ எடுத்து ஜன்னல்ல வச்சா. அவளுக்கு அப்ப ஒண்ணும் தெரியாது. மத்தியானம் வந்து பாத்தா மூணு சாவிக்கொத்து. பின்னால ஒருத்தன், கைல பிடிச்சுக்கோ முத்துப்பேச்சி, எப்ப வேணா தேவப்படும்னான். அவ பேக்க எடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா. நான் அவன் சட்டயப் பிடிச்சேன், அதுக்கும் சேத்து ஒரு மெமோ குடுத்திருக்காங்க எனக்கு.

ரூம்புக்குப் போனேன். கட்டில்ல உக்காந்திருந்தா, அழல. என் போனக் குடுன்னா, குடுத்தேன். படத்த ரொம்ப நேரம் பாத்தா. பெறகு கேட்டா, இந்தக் கம்ப்யூட்டர் முகவரி மேல கோடு போட்டிருக்கியே பெனிட்டா, என் பேரு மேலயும் ஒரு கோடு போட்டிருக்கலாம்லன்னு.

அதுக்கு நான் சொன்னேன், நான் பாக்கலடி, இது என் தப்பு இல்ல, ஃபைலுக்கு அப்படிப் பேரு வச்சவனப் போயிக் கேளு, வா ரெண்டு பேரும் இப்பவே போவோம், பிரின்சிபால் ரூம் முன்னால உக்காருவோம்னேன். அரமணி நேரம் பேசியிருப்பேன். அவ போன என் கட்டில்ல வச்சுட்டு மூஞ்சி கழுவப் போனா. திரும்பி ரூம்புக்கு வரல. அப்படியே பஸ் ஏறியிருக்கா, செருப்புக்கூட பாத்ரூம் செருப்பு. படத்த நான் அப்பவே அழிச்சிட்டேன்ணே. அவ போன பெறகு.

வந்ததுல இருந்து நீங்களும் அதையேதான் சுத்திச் சுத்திக் கேக்கீங்க. மன்னிப்புக் கேட்டியா, மன்னிப்புக் கேட்டியா. நான் எதுக்குக் கேக்கணும்? நான் கேட்டா, தப்பு என்னோடதுன்னு எழுதி ஃபைல மூடிருவாங்க. அதுக்குத்தான அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க. அவ என் போன எடுக்கல, பன்னெண்டு தடவ அடிச்சேன். எடுத்திருந்தா விளக்கியிருப்பேன்.

உங்களயும் ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீங்க. வலிப்பு என்ன கொலக் குத்தமா? நீங்க என்னத்துக்கு அத ஒட்டுன கவர்லயே வச்சிருந்தீங்க? முத நாளே க்ளாஸ்ல எந்திரிச்சு, எனக்கு இது இருக்கு, வந்தா இப்படிப் பிடிங்கன்னு சொல்ல விட்டிருந்தா, இன்னைக்கு எவன் சாவிக்கொத்து வச்சிருப்பான்? மறைச்சு மறைச்சுத்தான் அது அசிங்கமாச்சு. சரி, உங்க வீட்டு விசயம். நான் பேசல.

ஆனா இதக் கேளுங்க. அவ போயி ஒம்பது நாளாச்சு. இந்த ஒம்பது நாள்ல மூணு கமிட்டி. படம் பிடிச்சது யாரு, குரூப்ல போட்டது யாரு, சட்டயப் பிடிச்சது யாரு. ஒரு கமிட்டியாச்சும், திறந்தது யாருன்னு கேக்கல. ஐசக் அண்ணன் மறுநாளே மூடிட்டாரு, பத்து நிமிசத்துல, நான் எழுதிக் குடுத்த காயிதத்தப் பாத்து. எச்.ஓ.டி. சார் வீட்டுல இருந்து ஃபைல் பாக்க முடியலன்னு சத்தம் போட்டு மறுபடி திறக்க வச்சிட்டாரு, திங்கக்கிழம இன்ஸ்பெக்ஷன் முடியட்டும்னு. இன்னைக்குக் காலையில நான் வெளி நெட்ல தட்டிப் பாத்தேன். திறந்துதான் இருக்கு. உங்க தங்கச்சி சர்டிபிகேட்டு இப்ப இந்த நிமிசமும் அங்கனதான் கெடக்கு. அந்த மனுசன் குடுத்த டீயத்தான் நீங்க குடிச்சிட்டு வந்திருக்கீங்க.

ஐசக் அண்ணன் மட்டும் என்ன. மாணவி பெனிட்டா கணினி அமைப்புகளைச் சேதப்படுத்தினார்னு எழுதிக் குடுத்துட்டாரு. ரெண்டு பிள்ள இருக்கும்மா எனக்குன்னாரு. இருக்கட்டும். யாருக்குத்தான் இல்ல.

நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கு என்கொயரி. மூடுன கதவுக்குள்ள வைக்கலாம்னு பாத்தாங்க, நான் விடல. செமினார் ஹால்ல, டிபார்ட்மெண்ட் பூரா இருக்கணும்னு பிள்ளைகள்ட்ட கையெழுத்து வாங்கிக் குடுத்துட்டேன், நூத்திமுப்பது கையெழுத்து. பிரின்சிபாலும் சரின்னுட்டாரு. நீங்க வரணும்ணே. பேச்சியையும் கூட்டிட்டு வாங்க. முத வரிசையில உக்காரட்டும். அவ மொகத்தப் பாத்து அந்த மனுசன் பதில் சொல்லட்டும்.

என்ன, தலைய ஆட்டுதீங்க. வரமாட்டாளா? இந்தக் காலேஜு பேரச் சொன்னாலே எந்திரிச்சு உள்ள போயிருதாளா? எல்லாரும் மறந்தாப் போதும்னு சொன்னாளா?

அப்படிச் சொல்லுவா, அவளுக்கு என்ன தெரியும். மறந்தா அவங்களுக்குத்தான லாபம். அவ வரலைன்னா வேண்டாம். அவளுக்கும் சேத்து நான் பேசுதேன். மைக்க நானே வாங்குவேன், ரோல் நம்பரோட அவ முழுப் பேரச் சொல்லுவேன், என்ன சீக்குன்னு சொல்லுவேன், எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி சர்டிபிகேட்டு எல்லாத்தையும் சொல்லுவேன், ஹால்ல கடைசி வரிசையில நிக்கவனுக்கும் கேக்குற மாதிரி. சொல்லிட்டுக் கேப்பேன். கனகசபாபதி சார், இந்த முத்துப்பேச்சியோட காயிதம் இருந்த கம்ப்யூட்டர ஊருக்கே திறந்து வைக்கச் சொன்னது யாரு? நான் எழுதிக் குடுத்தும் ஏன் மூடல? இன்னைக்கும் ஏன் திறந்திருக்கு? எங்கிட்ட தனியா சொல்ல வேண்டாம். இங்க, இத்தன பேரு முன்னால, மைக்குல சொல்லுங்க.